ஆரணியில் ஐந்து மணி ஜெபம்

ஆரணி என்றதும் நம் பெண்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. காஞ்சிபுரத்துக்கு இருக்கிற பெரிய பெயர் ஆரணிக்குக் கிடையாதுதான். ஆனால் உடுத்திப் பார்த்தவர்களைக் கேளுங்கள். எடை குறைவு, கல்யாண வீட்டில் நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்தாலும் தோளை இழுக்காது என்பார்கள். 2008-ல் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "கடையில் எடுப்பதைத் தறியிலேயே பார்த்து எடுத்தால் என்ன?" என்று கிளம்பினேன். சேலையைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். மூன்று நாள் அங்கே தங்கியதில் எழுத வேண்டிய விஷயம் வேறாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், சேலையும் நடுநடுவே வரும்.

சென்னையிலிருந்து வாலாஜா, ஆற்காடு வழியாகப் பஸ்ஸில் சுமார் நாலு மணி நேரப் பிரயாணம். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் எல்லோரும் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். இது எந்த வருஷமும் தவறாது! ஆற்காட்டைத் தாண்டினால் வயலும் நெல் மில்லுமாக வரும். ஊரை ஒட்டிக் கமண்டல நாகநதி. பெயர் மட்டும் எவ்வளவு நீளம் பாருங்கள், தண்ணீர் அவ்வளவு இல்லை.

நான் தங்கியது டீச்சரக்கா வீட்டில். சென்னையில் எங்கள் எதிர்வீட்டில் பதினான்கு வருஷம் இருந்தவர். ரிடையர் ஆனதும் கணவரின் சொந்த ஊரான ஆரணிக்கே வந்துவிட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை. பதினான்கு வருஷமும் எங்கள் பொங்கல் அங்கே போகும், அவர்கள் கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும். அதைத் தாண்டி அவர்கள் வீட்டு ஜெபத்தில் நான் உட்கார்ந்தது கிடையாது. கதவு சாத்தியிருக்கும், பாட்டுச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஆரணியில் விடிவதற்கு முன்பே தெரு விழித்துக்கொள்கிறது. வெயில் ஏறுவதற்குள் பாவு வேலையை முடிக்க வேண்டும். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் இருபுறமும் நின்று, இழை இழையாக நீவி, அறுந்ததை முடிந்து சரிசெய்கிறார்கள். அந்தத் தெருவில் சைக்கிள்காரர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார். தறி வீடுகளில் பெரும்பாலும் சௌராஷ்டிரக் குடும்பங்களும் செங்குந்த முதலியார் குடும்பங்களும் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரின் கதை பழையது. 1853-ல் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள், அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையின் சார்பில், ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஆரணி அந்த மிஷனின் பழைய ஊர்களில் ஒன்று; இங்கே ஒரு தொழிற்பள்ளியும் நடத்தினார்கள். மிஷன் கிராமங்களில் ஒரே அறை காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஜெப வீடு. வாத்தியாரே ஜெபமும் நடத்துவார். வெளியே வராத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் வேதம் வாசித்துக் காட்டவும் வீடு வீடாகப் போகிற பெண்களும் இருந்தார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது இந்தச் சபைகளும் அதில் சேர்ந்துவிட்டன.

"எங்க சாரோட கொள்ளுப்பாட்டி அப்படிப் போனவங்கதான். அவங்களுக்குச் சம்பளம் கொஞ்சம், நடை ஜாஸ்தி" என்றார் டீச்சரக்கா.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. நான் எழுந்து கூடத்துக்கு வந்தேன். "நீ படும்மா, உனக்கு ஒண்ணும் கட்டாயம் இல்லை" என்றார் அக்கா. "பார்க்கலாமா?" என்றேன். "உட்காரேன், அதுக்கு என்ன டிக்கெட்டா?" என்று பாயை நகர்த்திப் போட்டார்.

அக்கா, அவர் கணவர், கணவரின் தமக்கை. இந்த அம்மாளை அக்கா "அண்ணி" என்கிறார். வீட்டிலும் தெருவிலும் மற்ற எல்லோருக்கும் "அத்தை". வயது எழுபதுக்கு மேல். வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். மருமகள் மட்டும் வரவில்லை. எட்டு மாதக் கைக்குழந்தை. மகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவான்.

"அவ ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கா. அவளைக் கூப்பிடமாட்டேன். தூங்கட்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறப்ப நாலு வார்த்தை அவளே சொல்லிப்பா, அது போதும்" என்றார் அக்கா. மாமியார்கள் கவனிக்கவும்.

ஜெபம் என்றால் நான் நினைத்திருந்தது வேறு. ஏதோ மந்திரம் மாதிரி எழுதிவைத்ததைப் படிப்பார்கள் என்று. இங்கே முதலில் ஒரு கீர்த்தனை, மெல்லிய குரலில். பிறகு வேதத்தில் ஒரு அதிகாரம், ஒருவர் மாற்றி ஒருவர். அப்புறம் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடி, நம்மோடு பேசுகிற தமிழிலேயே பேச ஆரம்பித்தார் அக்கா. முதலில் நன்றி. ராத்திரி மின்விசிறி நிற்காமல் ஓடினதற்கு, பேரனுக்குச் சளி குறைந்ததற்கு, விருந்தாளி பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு. பிறகு முந்தின நாள் யாரிடமோ கடிந்து பேசிவிட்டதற்கு மன்னிப்பு. அதற்கப்புறம்தான் விண்ணப்பம். அதுவும் தனக்காகக் கேட்டது ஒரே வரிதான், மிச்சமெல்லாம் மற்றவர்களுக்காக. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். மொத்தம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

மற்றவர்களுக்காக வேண்டும்போது அக்கா மடியில் ஒரு நோட்டு இருந்தது. பார்த்தால், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டு, பெயர் பெயராக எழுதியிருக்கிறது! முப்பத்திரண்டு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்த கை சும்மா இருக்குமா? தினமும் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கட்டத்தில் ஒரு கோடு. எதிர்த் தறி வீட்டுப் பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம், ரத்த அழுத்தம் ஏறுகிறது. அவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. "கேட்டுட்டுத்தான் எழுதுவேன். வேண்டாம்னா எழுதமாட்டேன். இதுவரைக்கும் யாரும் வேண்டாம்னு சொன்னதில்லை" என்றார்.

அன்று பகல் நான் சந்தேகமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அக்காவும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கிறிஸ்தவர்களுக்கு ஜெபம் என்றால் பிள்ளை தகப்பனிடம் பேசுவது மாதிரி. நல்ல நேரம், திசை, தனி பாஷை எதுவும் வேண்டாம். சீஷர்கள் வந்து, எங்களுக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடும் என்று கேட்டபோது இயேசு சொல்லிக்கொடுத்ததுதான் அந்தப் பரமண்டல ஜெபம். மிகவும் சின்னது. அதில் கேட்கிற ஆகாரம்கூட அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும். மாதச் சாமான் லிஸ்டு போடுகிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்! இன்னொன்றையும் அக்கா காட்டினார். அந்த ஜெபத்தில் "எனக்கு" என்ற சொல்லே கிடையாதாம். எல்லாம் "எங்களுக்கு". ஊர் பார்க்க நின்று நீளமாக ஜெபிக்கிறதை இயேசு கண்டித்திருக்கிறார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "அதனாலதான் சென்னையில கதவைச் சாத்தினோம், உங்களை வெளியே நிறுத்த இல்லை" என்று சிரித்தார்.

மத்தியானம் சாப்பாடானதும் அத்தை திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்துவிடுகிறார். எதிர்வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக்கொடுப்பது அவர் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. வலக்கை சக்கரத்தைச் சுழற்றும், இடக்கை விரல் இழையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பட்டு இழை எவ்வளவு மெல்லிசு! அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடுமாம். ஒரு சேலைக்கு எத்தனையோ தார் வேண்டும். கூலி பெரிசாக ஒன்றும் இல்லை. தறி வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே செய்கிற இந்த வேலை, சேலை விலையில் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அத்தையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "என்ன அத்தை, பாட்டா?" என்றேன்.

"பாட்டு இல்லம்மா. ஒரு தாருக்கு ஒரு பேர். நம்ம டீச்சர் நோட்டுல எழுதி வெச்சிருக்கு. எனக்குக் கண்ணு தெரியல, நான் குச்சியில எழுதறேன்."

பவுல் என்ற அப்போஸ்தலர் ஓயாமல் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறார் என்றும், அவரே கூடாரம் செய்கிற தொழிலாளி என்றும் அக்கா எனக்குக் காலையில் சொல்லியிருந்தார். வீட்டு வேலையை வைத்துக்கொண்டு ஓயாமல் ஜெபிப்பது எப்படி என்று நான் மனசுக்குள் நினைத்திருந்தேன். திண்ணையில் பார்த்துவிட்டேன்.

கால் போன கதையை அத்தையே சொன்னார். நான் கேட்கவில்லை.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிலிருந்து சர்க்கரை வியாதி. மாத்திரை, பிறகு இன்சுலின் ஊசி. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் பெரிய பந்தல் போட்டு ஒரு கூட்டம். எங்கிருந்தோ வந்த ஒரு பிரசங்கியார், மருந்தைத் தொடுகிறவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று மேடையில் முழங்கினாராம். அத்தை வீட்டுக்கு வந்து ஊசி மருந்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. காலில் ஒரு சின்னக் கொப்புளம். அதையும் மறைத்துச் செருப்புப் போட்டுக்கொண்டார். வாடை வந்தபிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், காலைக் காப்பாற்ற முடியவில்லை.

"அன்னிக்கு நான் ஜெபம் பண்ணலம்மா. கர்த்தர்கிட்ட பந்தயம் கட்டினேன். என் காலை வெச்சுப் பந்தயம்" என்றார் அத்தை. சக்கரம் நிற்கவில்லை.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அக்கா வந்து படியில் உட்கார்ந்தார்.

"அண்ணியாவது சமாதானமாயிட்டாங்க. எனக்குத்தான் ஆகலை. ஒரு வருஷம் வாயில ஜெபம் வரலை. கோயிலுக்குப் போவேன், சும்மா உட்கார்ந்திருப்பேன், வந்துடுவேன். எங்க ஆயர் ஐயா ஒண்ணும் வற்புறுத்தலை. சங்கீதத்துல எண்பத்தெட்டைப் படிங்கன்னார், அவ்வளவுதான். படிச்சுப் பாரு. அது முழுக்கப் புலம்பல். மத்த சங்கீதமெல்லாம் அழுது அழுது கடைசியில ஒரு நல்ல வார்த்தையில முடியும். இது முடியறப்பவும் இருட்டுதான். இப்படியும் ஒரு ஜெபத்தை வேதத்துல விட்டு வெச்சிருக்காங்களேன்னு எனக்கு அதுவே பெரிய ஆறுதல். ஒரு வருஷம் தினம் அதையே படிச்சேன்."

"அப்புறம் கேட்டதெல்லாம் கிடைத்ததா அக்கா?" என்றேன்.

"இயேசுவுக்கே கிடைக்கலையே! பிடிக்கிறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல வேர்க்க வேர்க்க ஜெபம் பண்ணினாரு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டுப் போகாதான்னு. போகலை. கிடைக்கிறதுக்காக மட்டும்னா நான் எப்பவோ விட்டிருப்பேன். அவர்கிட்ட பேசாம என்னால இருக்க முடியலை, அதான் பேசறேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அக்கா அப்போது வேதத்திலிருந்து ஒரு கதை சொன்னார். நெசவு ஊரில் உட்கார்ந்து கேட்கவேண்டிய கதை. எசேக்கியா என்று யூதாவுக்கு ஒரு ராஜா. சாகக் கிடக்கிறான். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது ஜெபிக்கிறான். இன்னும் பதினைந்து வருஷம் கொடுத்தேன் என்று ஆண்டவர் ஏசாயா தீர்க்கதரிசி மூலமாகச் சொல்லி அனுப்புகிறார். சரி, அதோடு கதை முடிய வேண்டியதுதானே? இல்லை. அதே தீர்க்கதரிசி, அத்திப்பழத்தை அடையாகத் தட்டிக் கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார்! வரமும் உண்டு, வைத்தியமும் உண்டு. பிழைத்தெழுந்த ராஜா எழுதி வைத்ததில், நெய்கிறவன் துணியைச் சுருட்டித் தறியிலிருந்து அறுத்தெடுப்பதுபோல என் ஆயுசு அறுபடப் பார்த்ததே என்கிற பொருளில் ஒரு வரி வருகிறதாம்.

"அந்தப் பந்தல்ல பேசினவரு இந்த அதிகாரத்தைப் படிச்சிருக்கமாட்டாரா? படிச்சிருப்பாரு. சொல்லமாட்டாரு" என்றார் அக்கா. எனக்கும் கோபம் வந்தது. சகோதரிகளே, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி, யார் மேடையில் என்ன முழங்கினாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் இன்சுலினையோ, வலிப்பு மாத்திரையையோ, ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தனக்குக் குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு பெரிய விந்தை, ஆரணியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போல் இருக்கிற வேலூரில்தான் ஜெபமும் வைத்தியமும் கைகோத்த சரித்திரமே இருக்கிறது. ஐடா ஸ்கட்டர் அம்மையாரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அதே குடும்பம். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம், அமெரிக்காவிலேயே சௌகரியமாக இருந்துவிடலாம் என்று நினைத்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ஐ ஒட்டித் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்து கதவைத் தட்டுகிறார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிக் கிடக்கிறது. "நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அழைத்துப் போங்கள்" என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். அன்றிரவு ஐடாவுக்குத் தூக்கம் இல்லை, ஜெபம்தான். விடிந்ததும் செய்தி வருகிறது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த ராத்திரி ஐடா அந்தப் பெண்களுக்காகவும் வேண்டியிருக்க மாட்டாரா? அவர்கள் பிழைக்கவில்லையே! விடிந்தபின் அவர் செய்ததுதான் முக்கியம். தானே டாக்டருக்குப் படிப்பது என்று முடிவெடுத்தார். 1899-ல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் வேலூர் வந்து, வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்காக ஆஸ்பத்திரி. பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று சி.எம்.சி. என்று நாம் சொல்கிற பெரிய ஆஸ்பத்திரி அப்படி வளர்ந்ததுதான். ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947-ல்தான். அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

"முழங்கால் போட்டா எழுந்திருக்கவும் தெரியணும்" என்று அக்கா இதைத் தன் பாணியில் சொன்னார். ரிடையர் ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா வீட்டில் பெண்களின் உபவாச ஜெபம். பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு நர்ஸ், ஓர் அங்கன்வாடி டீச்சர், இரண்டு பேர் அரிசி மில்லில் வேலை, மற்றவர்கள் வீட்டுப் பெண்கள். மத்தியானம் வரை பட்டினி. ஆனால் அக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் முதலில் கேழ்வரகுக் கஞ்சி குடிக்க வேண்டும், பிறகுதான் பாயில் உட்காரலாம். அத்தைக்குப் பெரிய தம்ளர். "எங்களுக்குப் பட்டினி கிடக்கிறதுல இல்ல ஜெபம்" என்று நர்ஸ் அம்மா எனக்கு விளக்கினார்; "அந்த ஒரு வேளைச் சமையல் நேரம் மிச்சமாகுது பாருங்க, அதைக் கொடுக்கிறோம். மிச்சமாகிற அரிசியும் ஒரு டப்பாவில் போகுது." மாதக் கடைசியில் அந்த அரிசி யார் வீட்டுக்குப் போகிறது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் முதல் வெள்ளி மட்டும் இவர்களுக்கு விசேஷம். உலக ஜெப நாள். அமெரிக்கச் சபைப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டில் தங்களுக்குள் தொடங்கிய ஜெப நாள் வளர்ந்து, 1927-லிருந்து உலகம் முழுவதும் நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனையை எழுதுவார்கள். அதையே அந்த நாளில் எல்லா நாட்டுப் பெண்களும் தங்கள் பாஷையில் சொல்லி ஜெபிப்பார்கள். 2024-ல் பாலஸ்தீனப் பெண்கள். 2025-ல் பசிபிக் கடலில் இருக்கிற குக் தீவுகளின் பெண்கள். "அட்லஸை எடுத்து வெச்சுக்கிட்டுத் தேடினோம். புள்ளி மாதிரி இருந்துச்சு. அங்கயும் ஒருத்தி புள்ளைக்கு ஜுரம்னு உட்கார்ந்திருப்பாள்ல?" என்றார் அரிசி மில் பெண்களில் ஒருவர். கத்தோலிக்கப் பெண்களும் பல இடங்களில் இதில் சேர்ந்துகொள்கிறார்கள்.

கத்தோலிக்கர் என்றதும் நினைவு வருகிறது. மூன்றாம் நாள் காலை சேத்துப்பட்டுக்குப் போய் வந்தேன். சென்னைச் சேத்துப்பட்டு அல்ல. ஆரணிக்குத் தெற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஊர். அங்கே லூர்து மாதா கோயில் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டுக் குருவான தாராஸ் சுவாமி நெடுங்காலம் ஊழியம் செய்த ஊர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் காலத்துக் குரு அவர். கோயிலில் அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. ஒரு பாட்டி, பக்கத்தில் காய்கறிக் கூடை, கையில் ஜெபமாலை. ஒரு சுற்றுக்கு ஐந்து பத்து மணிகள், ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி மணியைத் தள்ளுகிற விரலைப் பார்த்ததும் எனக்கு அத்தையின் விரல்தான் ஞாபகம் வந்தது. அத்தையின் சபையில் ஜெபமாலை வழக்கம் இல்லை. அவருக்குத் தார்க்குச்சி.

சாயங்காலம் திரும்பி வந்து சேலையை எடுத்துக்கொண்டேன். மாம்பழ வர்ணம், அரக்கு பார்டர். தறி வீட்டு அம்மாள் மடித்துக் கொடுக்கும்போது, "இதுக்குத் தார் சுற்றினது அவங்கதான்" என்று திண்ணையைக் காட்டினார். அப்படியானால் இந்தச் சேலைக்குள் எத்தனை பேரின் பெயர் ஓடியிருக்கும்! அண்ணன் மகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பாளோ என்னவோ.

அப்போது மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, தனக்குப் பிடித்த வேதாகமப் பெண் அன்னாள் என்றாள். நான் கேள்விப்பட்டதில்லை. குழந்தை இல்லாதவள். கோயிலில் போய்ச் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அழுதாள். ஆசாரியர் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாயா என்று கேட்டாராம். எவ்வளவு அழகு பாருங்கள், பெண்ணின் துக்கத்தை ஆண் புரிந்துகொள்கிற லட்சணம்! பிறகு அவளுக்குச் சாமுவேல் பிறந்தான். நேர்ந்துகொண்டபடி பால் மறந்ததும் கோயிலிலேயே விட்டுவிட்டாள். வருஷா வருஷம் அவனைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போவாளாம்.

"வளர்ற பிள்ளை. அளவு எடுக்க முடியாது. பக்கத்துல இல்லையே. இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பான்னு மனசாலயே அளவு பார்த்துத்தானே தைச்சிருப்பா?" என்றாள் அந்தப் பெண். "அந்தச் சட்டையும் ஜெபம்தான்னு எனக்குத் தோணும்." இருபத்தாறு வயது. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறவள்.

மறுநாள் அதிகாலை எனக்குச் சென்னை பஸ். அத்தைக்கும் அதே நாளில் வேலூரில் செக்கப். ராத்திரி படுக்குமுன் சின்னதாக ஒரு ஜெபம் வைத்தார்கள். அக்கா நோட்டைப் பிரித்து, என்னைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் என் அண்ணன் மகள் பெயரை எழுதினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆறு பத்து பஸ் நேரத்துக்கு வரவேண்டும், அண்ணி வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், போன மாதத்து ரிப்போர்ட்டு பையில் இருக்கவேண்டும், சார் குடையை மறக்கக்கூடாது என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

ஆமென் சொன்னதும் அத்தை என் பக்கம் திரும்பி, "பாத்தியா, இதுல பாதி எனக்குச் சொல்றது" என்றார்.

"சொன்னாத்தானே காலையில ஞாபகம் இருக்கும் அண்ணி" என்று அக்கா எழுந்து, ரிப்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார்.